வத்தலக்குண்டுக்குப் போற மிஷின்

செருப்போடவே வாங்க தம்பி, பரவால்ல. பின்கட்டு ஈரமா கெடக்கு, வழுக்கும், சுவத்தப் பிடிச்சுக்கிட்டு வாங்க. இந்தா, இதுதான் மிஷின். இதக் கழட்டி வத்தலக்குண்டுல என் மக வீட்டுல கொண்டு போய் மாட்டணும். போன்ல அந்தப் பொண்ணுகிட்ட வெவரமாச் சொன்னேனே, உங்ககிட்டச் சொல்லலையா? சொல்லாது. உங்க கம்பெனியில இங்கிட்டுச் சொல்றது அங்கிட்டுப் போகாதுன்னு எனக்குத் தெரியும். வாஷிங் மிஷின் விஷயத்துல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல தம்பி. நான் பட்ட பாட்டுக்கு ஒரு ஸ்குரூ டிரைவரக் கையில குடுத்து என்னையே நீங்க வேலைக்கு எடுத்துக்கலாம்.

கௌசிகா, தம்பிக்கு டீ போடு. சீனி எப்படின்னு கேட்டுப் போடு. தம்பி, இது என் மருமக, மகன் சம்சாரம். பக்கத்துத் தெரு ஸ்கூல்ல சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஆளு வருது, வீட்டுல இருன்னு நான்தான் இன்னைக்கு லீவு போடச் சொன்னேன்.

ரிப்பேரா? ஒரு ரிப்பேரும் இல்ல. பூ மாதிரி ஓடுது. போட்டோ எடுக்கணுமா, எடுங்க. நாலு பக்கமுமா? எடுங்க, எடுங்க. பூரா எடுத்துக்கங்க, நாளைக்கு அங்க கீறல் இருக்கு இங்க கீறல் இருக்குன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. நல்லா ஓடுறத எதுக்குக் கழட்டுறீங்கன்னுதான மூஞ்சியப் பாக்குறீங்க? சொல்றேன், வேலையப் பாத்துக்கிட்டே கேளுங்க. கேட்டா உங்களுக்கே வயிறெரியும்.

என் மக ரஞ்சனிக்குப் போன ஆவணியில கல்யாணம். கட்டிலு, பீரோ, கிரைண்டரு, பித்தள, எவர்சில்வரு, எல்லாம் ஊருக்கு வைக்கிற மாதிரி சீர் வச்சோம். அதெல்லாம் அவங்க அப்பா பாத்துக்கிட்டாரு. வாஷிங் மிஷின் மட்டும் நான் எடுத்தேன். கடைகடையா ஏறி இறங்கி எடுத்தேன். ஏன்னா அவளுக்குச் சின்னப் பிள்ளையில இருந்து சோப்பு ஆகாது. சோப்புத் தூளுல கைய வச்சா விரலிடுக்கெல்லாம் வெடிச்சிரும். தோலு உரிஞ்சு ரத்தம் கசியும். சோத்துல கொழம்ப ஊத்திப் பெசைய முடியாது, கரண்டியிலதான் திம்பா. பரீட்சை எழுதறப்ப பேனாவப் பிடிக்க முடியாம அழுதிருக்கா. அதனால எதுல கொறஞ்சாலும் மிஷின்ல கொறையக் கூடாதுன்னு, இதே மாதிரி முன்னாடி கதவு வச்சது, இதே கம்பெனி. சின்னதே போதும்மான்னாரு கடைக்காரரு. அந்த வீட்டுல ஆளுக நிறைய, பெருசா குடுங்கன்னேன். நீங்க அங்கிட்டு நின்னு எடுங்க, வெளிச்சம் விழும்.

வாங்கியாச்சு. மாட்டணும்ல? அங்கதான தம்பி உங்க ஆளுக வெளையாண்டாங்க. மொத வந்தவரு, கொழாய்ல தண்ணி வேகமா வரல, மோட்டார் வைங்கன்னுட்டுப் போயிட்டாரு. அந்த வீட்டுல வைப்பாங்களா? மாட்டாங்க. இங்கிருந்து நான் பிளம்பர பஸ்ஸுல கூட்டிக்கிட்டுப் போயி வச்சேன். அடுத்து ஒருத்தரு வந்தாரு. மோட்டார் ஓகேம்மா, பிளக் பாயிண்ட் சின்னதா இருக்கு, பெருசு வேணும், எர்த் வேணும்னாரு. அதயும் மொத வந்த ஆளு பாக்குறதுக்கென்ன, கண்ணு எங்க போச்சு? ஒரே நாள்ல ரெண்டையும் சொன்னா உங்க கம்பெனி நஷ்டப்பட்டுருமா? உங்களச் சொல்லல தம்பி. நீங்க பாக்க நல்ல பிள்ளையா இருக்கீங்க. ஆனா உங்களச் சொல்லாம வேற யாரச் சொல்றது, நீங்கதான சட்டையில கம்பெனி பேர எழுதிக்கிட்டு வந்து நிக்கிறீங்க.

சரி, எலக்ட்ரீசியனையும் கூட்டிக்கிட்டுப் போனேன். பாயிண்ட் போட்டாச்சு. அப்பத்தான் ரஞ்சனி மாமியா வந்து நின்னாங்க. இது ஈசானி மூலை, இங்க அழுக்குத் தண்ணி ஓடக்கூடாதுன்னாங்க. மோட்டார் வைக்கிறப்ப பாத்துக்கிட்டு இருந்தாங்க, சுவத்தக் கொத்துறப்ப பாத்துக்கிட்டு இருந்தாங்க, அப்பல்லாம் அது ஈசானி மூலை இல்ல போல. எல்லாம் முடிஞ்சப்புறம் ஈசானி மூலை ஆயிருச்சு. மிஷின எதித்த மூலைக்கு நகத்தினா அங்க பைப்பு எட்டல. உங்க ஆளு சொல்றாரு, நீளப் பைப்பு நாங்க தர மாட்டோம், வெளியில வாங்கிக்கங்க, ஆனா வெளியில வாங்கின பைப்பு ஒழுகுனா நாங்க பொறுப்பில்ல. இது என்ன நியாயம் தம்பி? நீயும் தர மாட்ட, கடையில வாங்குனா ஒத்துக்கவும் மாட்ட, அப்ப தண்ணிய நான் என்ன செம்புல மொண்டு மொண்டா ஊத்தணும்?

அதுவரைக்கும் மிஷின் கூடத்துல அட்டப்பெட்டிக்குள்ளயே நிக்குது. அது மேல ஒரு வேட்டிய விரிச்சு அந்தம்மா கொத்தவரங்கா வத்தலக் காயப் போட்டு வச்சிருக்காங்க. பாத்துட்டு வந்து ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல.

எப்படியோ கத்திக் கூப்பாடு போட்டு மாட்ட வச்சேன். மஞ்ச குங்குமம் வச்சு, சூடம் காட்டி, மொதத் துணியா மாப்பிள்ள வேட்டியப் போட்டு நானே பட்டன அமுக்கினேன். கண்ணாடிக்குள்ள துணி சுத்துறத நானும் ரஞ்சனியும் குத்த வச்சுப் பாத்தோம். அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. இனிமே என் பிள்ள கை தப்பிச்சிருச்சுன்னு நெனச்சேன் தம்பி. நெசமா அப்படித்தான் நெனச்சேன்.

டீ எடுத்துக்கங்க. கௌசிகா போடுற டீ நல்லா இருக்கும். வேலையில கொற சொல்ல முடியாது, நான் எங்கயும் சொல்லுவேன்.

அப்புறம் போன் பண்ணும்போதெல்லாம் கேப்பேன், மிஷின் ஓடுதாடின்னு. ஓடுதும்மா. நல்லா வெளுக்குதா? வெளுக்குதும்மா. அவ்வளவுதான், அதுக்கு மேல பேச்ச மாத்திருவா. நானும் விட்டுருவேன். பொங்கப்படி குடுக்கப் போனேன். கரும்பு, வாழத்தாரு, மஞ்சக்கொத்து எல்லாம் எடுத்துக்கிட்டு நானும் எங்க வீட்டுக்காரரும் போனோம். ரஞ்சனி தண்ணிச் செம்ப நீட்டுறா. அவ மூஞ்சியக்கூட நான் பாக்கல, கையத்தான் பாத்தேன். விரலு பூரா துணியச் சுத்தியிருக்கா. உள்ளங்கை பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு.

செம்ப அப்படியே வச்சுட்டுப் பின்னாடி போனேன். மிஷினக் காணோம். நான் போட்ட பிளக் பாயிண்ட் இருக்கு, நான் வச்ச மோட்டார் இருக்கு, தரையில ஸ்டாண்டு நின்ன தடம் இருக்கு. மிஷின் இல்ல. அந்த எடத்துல ஒரு கல்லு, ஒரு பிரஷ்ஷு, மலையா துணி. எங்கடி மிஷின்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொல்றா, திருப்பூருக்குப் போயிருச்சும்மான்னு.

அவ நாத்தனாருக்குக் கார்த்திகையில கல்யாணம். அதுக்குச் சீர்ல வச்சுட்டாங்க. என் மகளுக்கு நான் வச்ச மிஷின, குங்குமத்தத் தொடச்சு, ஒரு ரிப்பனக் கட்டி, அவங்க மகளுக்கு அவங்க வாங்கிக் குடுத்த மாதிரி பந்தல்ல நடுநாயகமா வச்சுட்டாங்க. அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன் தம்பி. அதப் பக்கத்துல நின்னு பாத்தேன். பரவால்லையே, நம்ம வாங்குன மாடலே வாங்கியிருக்காங்களேன்னு இவரு காதுல வேற சொன்னேன். எப்படி இருக்கு? என் தலையிலயே மொளகா அரைச்சிருக்காங்க.

அதுலயும் கூத்து என்னன்னா, அத எடுத்துக்கிட்டுப் போனப்ப, உள்ள இருக்குற டிரம் ஆடாம பிடிக்கிற நாலு போல்ட்ட மாட்டாம வண்டியில தூக்கிப் போட்டுட்டாங்க. ரோட்டுல குலுங்கிக் குலுங்கி, இப்ப அங்க அது ஓடுறப்ப மாடு மாதிரி எடத்த விட்டு நகருதாம். ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம். நல்லா வேணும். அதனாலதான் தெருவுல போற ஆளக் கூப்பிடாம உங்க கம்பெனிக்கே போன் போட்டேன். இதுல அந்தத் தப்பு நடக்கக் கூடாது.

ரஞ்சனியப் பிடிச்சு நல்லா ஏசிட்டேன். வாயில என்னடி கொழுக்கட்டையா வச்சிருந்த? கண்ணு முன்னாடி உன் பொருளத் தூக்கிக்கிட்டுப் போறாங்க, பாத்துக்கிட்டா நின்ன? ஒரு போன், ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து வாசல்ல படுத்திருக்க மாட்டேனா? பெத்தவங்க எதுக்குடி இருக்கோம்னேன். அவ சொல்றா, அத்த கழட்டப் போறோம்னு சொன்னாங்க, நான் ஒண்ணும் சொல்லலைன்னு. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தமா தம்பி? ஒரு பிள்ள வாயடச்சு நிக்குதுன்னா அதப் பாத்தாத் தெரியாதா? மனுஷங்கன்னா தெரியணும்ல.

அந்தம்மாவ நாக்கப் பிடுங்குற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அசரலையே. காலு மேல காலப் போட்டு உக்காந்துக்கிட்டு, வீட்டுக்கு வந்த பொருளு வீட்டுப் பொருளு, வீட்டுல யாருக்குத் தேவையோ அவங்களுக்குப் போகும்ங்கிறாங்க. ரெண்டு பக்கெட்டுத் துணி அலசுனா உங்க மக தேஞ்சிருவாளான்னு கேக்குறாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். என் மக உங்க வீட்டுக்கு வாழ வந்தாளா, வேலைக்காரியா வந்தாளான்னேன். பொண்ணு கூட வந்த சீரு பொண்ணுக்குத்தான் சொந்தம். அதுல கை வைக்க எவளுக்கும் உரிமை இல்ல. நான் சொல்றது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க. ஆங், தலையாட்டுறீங்கல்ல.

இவரு பஞ்சாயத்து அது இதுன்னாரு. பஞ்சாயத்து பேசி, திருப்பூருக்கு ஆளனுப்பி, ஆடுற மிஷின வாங்கிக்கிட்டு வந்து என்ன பண்ண? அதுக்குள்ள என் மக கை இருக்குமா? புதுசு வாங்குற நெலமையிலயும் இல்ல. அதான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த மிஷின அங்க அனுப்பிருவோம்னு.

இதுவா? இது கௌசிகா கூட வந்தது. அவங்க அப்பா பால்சாமி அண்ணே மேலூர்ல இருந்து வேன்ல ஏத்தி, வழி பூரா மிஷினப் பிடிச்சுக்கிட்டே நின்னு வந்து இறக்கினாரு. நல்ல மனுஷன்.

என்ன தம்பி, அப்படிப் பாக்குறீங்க? அது வேற, இது வேற. அவங்க கல்யாணப் பந்தல்ல வச்சுப் பெருமை அடிக்கிறதுக்குத் தூக்கினாங்க. நான் ஒரு பிள்ளைக்குக் கை புண்ணாகுதேன்னு அனுப்புறேன். அவங்க சொல்லாமக் கொள்ளாம மறைச்சாங்க. நான் இங்க எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான் பேசினேன். என் மகன் ராஜதுரைகிட்டச் சொன்னேன், உன் இஷ்டம்மான்னுட்டு மில்லுக்குப் போயிட்டான். கௌசிகாகிட்டயும், இந்த மாதிரி அனுப்பலாம்னு இருக்கேம்மான்னேன். அது ஒண்ணும் சொல்லல. எதுத்து ஒரு வார்த்த பேசாது. தங்கம்.

இங்க என்ன பெரிய துணி விழுது? நாலே பேரு. பின்னாடி துவைக்கிற கல்லு சும்மாத்தான் கெடக்கு. காலையில கொஞ்சம் வெள்ளன எந்திரிச்சு ரெண்டு பக்கெட்டு அலசிப் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போச்சுன்னா ஒடம்புக்கும் நல்லது. நானெல்லாம் ஆத்துல துவைச்சவ. எனக்கு என்ன ஆயிருச்சு?

அந்த நாலு போல்ட்டா? இருக்கா இல்லையான்னு தெரியலையே தம்பி. கௌசிகா, மிஷின் மாட்டுனப்ப ஒரு ஆளு நாலு போல்ட்டு குடுத்துட்டுப் போனாருல்ல, அத எங்கயாவது பாத்தியா? இந்தா, கொண்டாந்திருச்சு. பாத்தீங்களா, துரு ஏறாம எண்ணெய் போட்டுத் துணியில முடிஞ்சு வச்சிருக்கு. இந்தப் பொறுப்பு அந்த வத்தலக்குண்டு வீட்டுல ஒருத்தருக்கு இருந்திருந்தா அந்த மிஷின் ஆடுமா? சரி, கழட்டுங்க. வாசல்ல லோடு ஆட்டோ வந்து நிக்குது, அந்த ஆளு ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான்.

என்ன நம்பரு? ஆரம்பிக்கிறதுக்கு ஒரு நம்பரா? என் போனுக்கு ஒண்ணும் வரலையே. யாரு பேருல வாங்குனாங்களோ அவங்க போனுக்குப் போகுமா? அதப் போட்டாத்தான் வேலைய ஆரம்பிக்க முடியுமா? நல்லா இருக்குய்யா உங்க கம்பெனி. மாட்டுறதுக்கு ஆயிரம் சாக்கு, கழட்டுறதுக்கு ஒரு பூட்டு. பில்லு பால்சாமி அண்ணே பேருல இருக்கு. அவரு மேலூர்ல இருக்காரு. என் வீட்டுல நிக்கிற மிஷினக் கழட்ட மேலூர்ல இருந்து அனுமதி வரணுமா?

இருங்க, போடுறேன். இதுல என்ன, கேட்டாச் சொல்லப் போறாரு.

அண்ணே, நல்லா இருக்கீங்களா? மதினி நல்லா இருக்காங்களா? ஒண்ணுமில்லண்ணே, மிஷினுக்குச் சும்மா ஒரு சர்வீஸு. உங்க போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், அதக் கொஞ்சம் சொல்லுங்க. ஆமா, இப்பத்தான் வந்திருக்கும். என்னது? தமிழ்ல எழுதியிருக்கா? கழற்றி வேறு முகவரிக்கு மாற்றும் பணின்னு போட்டிருக்கா? அது அவங்க எல்லாத்துக்கும் ஒரே மாதிரி அனுப்புறதுண்ணே. நீங்க நம்பரச் சொல்லுங்க. கௌசிகாகிட்டயா? அதுகிட்ட எதுக்குண்ணே, என்கிட்டச் சொன்னாப் போதாதா. சரி. சரி, குடுக்குறேன்.

இந்தாம்மா, உங்க அப்பா. நம்பர் சொல்லுவாரு, கேட்டு தம்பிகிட்டச் சொல்லு.

பேசுறதப் பாருங்க தம்பி. கேளுங்க. ஆமாப்பாங்குது. கழட்டுறாங்கப்பாங்குது. மதினி வீட்டுக்கு அனுப்புறாங்கப்பாங்குது. இல்லப்பா, என்னையக் கேக்கல, சொன்னாங்கங்குது. அழுகல கூட. என்னமோ இன்னைக்கு என்ன கொழம்புன்னு சொல்ற மாதிரி சொல்லுது.

கௌசிகா. இந்த வீட்டுல நடக்குறத இந்த வீட்டோட வச்சுக்கத் தெரியாதா உனக்கு? ஒரு பொண்ணு இதையெல்லாமா போன்ல அப்பன்கிட்டச் சொல்லுவா? என் மக சொன்னாளா? இத்தன மாசம் கை கிழிஞ்சும் ஒரு வார்த்த வெளிய விட்டாளா? அவ வளந்த வளப்பு அப்படி.

வச்சுட்டாரா? நம்பரச் சொன்னாரா இல்லையா? சொல்லிட்டாருல்ல, அப்புறம் என்ன, தம்பிகிட்டச் சொல்லு. என்னது? உன் பொருளு, குடுக்கணும்னா நீ குடு, வேண்டாம்னா வேண்டாம்னு சொன்னாரா? சொல்லுவாரு. மேலூர்ல உக்காந்துக்கிட்டு நல்லாச் சொல்லுவாரு. அவருக்கென்ன தெரியும், அங்க என் பிள்ள சோத்தப் பெசைய முடியாம உக்காந்திருக்கிறது. நீ பாத்தேல்ல, போட்டோவுல காட்டினேன்ல. பாத்துட்டு, ஐயோ பாவம் மதினின்னேல்ல. அப்புறம் என்ன? நாலே நாலு நம்பரு. சொல்லும்மா. தம்பி போன வச்சுக்கிட்டு நிக்கிறாரு பாரு.

எங்க போற? ஏய், நான் பேசிக்கிட்டு இருக்கேன்ல. அந்தக் கூடைய எதுக்கு இழுக்குற? தம்பி, நகருங்க, என்ன பண்ணுதுன்னு பாக்கணும். கௌசிகா, அதக் கழட்டப் போறாங்க, அதுல போயி துணியப் போடுற. சோப்புத் தூள வேற கொட்டுது பாருங்க. தம்பி, நீங்க பைப்ப இன்னும் கழட்டவே இல்லையா? நம்பர் இல்லாம தொடக்கூடாதா? நல்லா வேல பாத்தீங்க போங்க. இம்புட்டு நேரம் என் வாயப் பாத்துக்கிட்டா இருந்தீங்க?

பட்டன அமுக்கிருச்சு. நிறுத்துங்க தம்பி. கதவத் தொறங்க. ஓடும்போது தொறக்காதா? பூட்டிக்குமா? யாரு கண்டுபிடிச்சது இத? சரி. சரி, ஓடட்டும். அந்த ஆட்டோக்காரன் நிக்கட்டும், நீங்களும் உக்காருங்க. ஓடி முடிக்கட்டும். முடிஞ்சதும் நம்பரச் சொல்லிருவ, என்னம்மா? சொல்லுவேல்ல?

கேட்டீங்களா தம்பி அது சொல்றத. நாளைக்கும் துணி இருக்கு அத்தைங்குது.